மூன்று மறுப்புகளும் நானூறு கட்டுரைகளும்

1977-ஆம் ஆண்டு. அமெரிக்காவின் டாலஸ் நகரில், துருக்கியிலிருந்து வந்த இளைஞர் ஒருவர் முனைவர் பட்டம் பெற்றார். அதற்கு முன்பே இஸ்தன்பூலில் மருத்துவம் பயின்று தேறி, சொந்த ஊர்ப்புறத்தில் சிலகாலம் வைத்தியமும் பார்த்தவர் அவர். கையில் இரண்டு பட்டங்கள் இருந்தன. மேலாய்வு செய்ய இடம் வேண்டி மூன்று ஆய்வுக்கூடங்களுக்கு விண்ணப்பித்தார். மூன்றும் கையை விரித்துவிட்டன. அவர் எழுதிய ஆய்வேட்டை அந்நாளில் பொருட்படுத்துவார் அதிகம் இல்லை.

ஊருக்குத் திரும்பிக் கௌரவமாக மருத்துவத் தொழில் பார்த்திருக்கலாம். அவரோ யேல் பல்கலைக்கழகத்தில் டீன் ரப் என்பவரின் ஆய்வுக்கூடத்தில் கிடைத்த உதவியாளர் வேலையை, அதாவது டெக்னீசியன் வேலையை, ஏற்றுக்கொண்டார். மருத்துவரும் முனைவருமான ஒருவர் ஏற்கத் தயங்கும் பணி அது. ஆனால் அவருக்கு வேண்டியிருந்தது பதவியன்று, பழுதடைந்த டி.என்.ஏ.வைப் பற்றிய தம் ஆய்வைத் தொடர ஓர் இடம்.

அவர்தாம் அஸீஸ் சன்ஜார். 2015-ஆம் ஆண்டு வேதியியலுக்கான நோபல் பரிசை தாமஸ் லிண்டால், பால் மோட்ரிச் ஆகிய இருவருடன் பகிர்ந்துகொண்டவர்.

வாசகப் பெருமக்களே! இத்தகைய பரிசுப் பட்டியலில் நமக்குப் பழகிய பெயர் ஒன்று தென்பட்டால் நாம் என்ன செய்கிறோம்? படத்தை வெட்டி ஒட்டி வைக்கிறோம். கூட்டங்களில் 'நம்மவர்' என்று பெருமிதத்தோடு குறிப்பிடுகிறோம். ஆனால் அவர் என்ன எழுதினார், அதனால் யாருக்கு என்ன விளைந்தது என்று கேட்பவர் நம்மில் எத்தனை பேர்? பெயரைக் கொண்டாடிவிட்டு எழுத்தைப் படிக்காமல் விடுவது அந்த அறிஞருக்குச் செய்யும் மரியாதையாகாது. ஆகவே இக்கட்டுரையில் பதக்கத்தை ஓரமாக வைத்துவிட்டு, அவருடைய எழுத்துகளின் வரலாற்றைப் பார்ப்போம்.

துருக்கியின் தென்கிழக்கில் மார்தின் மாகாணத்தைச் சேர்ந்த சாவூர் என்னும் சிற்றூரில் 1946-இல் சன்ஜார் பிறந்தார். எட்டுப் பிள்ளைகளில் ஏழாமவர். தாய் தந்தை இருவருக்கும் எழுதப் படிக்கத் தெரியாது. எனினும் பிள்ளைகள் படித்தாக வேண்டும் என்பதில் இருவரும் உறுதியாக நின்றனர். இளமையில் சன்ஜார் நல்ல கால்பந்து வீரர். இலக்குக் காவலராக நின்று ஆடியவர். 1969-இல் மருத்துவப் பட்டம் பெற்ற பிறகு அவரை ஆட்கொண்டது ஒரு சிறு புதிர்.

புற ஊதாக் கதிரைப் பாய்ச்சினால் பாக்டீரியாக்கள் மடிந்துபோகும். ஆனால் மடியும் நிலையிலுள்ள அவற்றின் மீது நீல ஒளியைப் படரவிட்டால், பல மீண்டும் உயிர்த்தெழுகின்றன. இந்த விந்தை 1940-களின் இறுதியிலேயே கண்டறியப்பட்டிருந்தது. இதற்குக் காரணம் ஒரு நொதி என்று காட்டியவர் கிளாட் ரூபர்ட். அந்த நொதிக்கு ஃபோட்டோலையேஸ் என்று பெயர். ஒளியை உண்டு, அதன் ஆற்றலால் டி.என்.ஏ.வில் ஏற்பட்ட பழுதைச் செப்பனிடும் நொதி அது. ரூபர்ட் பணியாற்றிய டாலஸ் பல்கலைக்கழகத்தைத் தேடிச் சென்று அவரிடம் மாணவரானார் சன்ஜார். அந்த நொதிக்குரிய மரபணுவைப் பிரித்தெடுத்துப் பாக்டீரியாவில் பெருக்கிக் காட்டினார். 1978-இல் குருவும் சீடரும் சேர்ந்து அதைக் கட்டுரையாக வெளியிட்டனர். இந்த ஆய்வோடுதான் அவர் மூன்று வாயில்களைத் தட்டினார். மூன்றும் திறக்கவில்லை.

ஆலங்கட்டி மழையில் ஒரு கிண்ணம்

யேலில் உதவியாளராகச் சேர்ந்த இரண்டாண்டுக்குள், 1979-இல், அவர் ஒரு செய்முறைக் கட்டுரை எழுதினார். குறிப்பிட்ட ஒரு மரபணு எந்தப் புரதத்தை உண்டாக்குகிறது என்று கண்டுபிடிப்பது அந்நாளில் பெரும்பாடாக இருந்தது. ஓர் உயிரணுவுக்குள் ஆயிரக்கணக்கான புரதங்கள் ஒரே நேரத்தில் உருவாகிக்கொண்டிருக்கும்போது, ஒன்றை மட்டும் எப்படித் தனியே இனங்காண்பது?

சன்ஜார் கண்ட வழி வியப்புக்குரியது. பழுது பார்க்கும் ஆற்றலற்ற பாக்டீரியாவை எடுத்துக்கொண்டார். அதனுள் தாம் ஆராய விரும்பிய மரபணுவை ஒரு சிறு வளைய டி.என்.ஏ.வில் வைத்துச் செலுத்தினார். பிறகு புற ஊதாக் கதிரைப் பாய்ச்சினார். ஆலங்கட்டி மழை பொழியும்போது பெரிய மாளிகையின் கூரையில் ஓரிடத்திலேனும் கல் விழாமல் இராது. முற்றத்தில் கிடக்கும் சிறு கிண்ணத்தில் ஒன்றுகூட விழாமலே போகலாம். அதுபோலப் பாக்டீரியாவின் நீண்ட டி.என்.ஏ. அடிபட்டுச் சிதைந்துபோக, சிறு வளையம் தப்பிவிடுகிறது. எனவே அந்த உயிரணு அதன்பின் உண்டாக்கும் புரதமெல்லாம் அந்தச் சிறு வளையத்தினுடையவையே. 'மாக்ஸி செல்' என்று பெயர் பெற்ற இம்முறையை உலகின் பல ஆய்வுக்கூடங்கள் உடனே கையாளத் தொடங்கின. உதவியாளரின் பெயர் பலருடைய கட்டுரைகளின் அடியில் மேற்கோளாக இடம்பெறலாயிற்று.

ஆய்வுலகில் மேற்கோள் என்பது என்ன என்று இவ்விடத்தில் சொல்லிவிடுதல் நன்று. ஒரு செய்தியைச் சொல்பவர், அதை யாரிடமிருந்து பெற்றார் என்று முறையாக எடுத்துரைக்கும் வழக்கம் நம் சமுதாயத்திற்குப் புதிதன்று. அறிவிப்பாளர் தொடரைப் பேணிக் காத்தவர்களின் வழிவந்தவர்கள் நாம். விஞ்ஞானியும் தம் கட்டுரையில், 'இன்னது இன்னாரால் இன்ன ஆண்டில் கண்டறியப்பட்டது' என்று குறிப்பிட்டாக வேண்டும். அக்குறிப்புகளைத் தொகுத்து, எந்தக் கட்டுரையை எத்தனை பேர் எடுத்தாண்டனர் என்று கணக்கிடும் அட்டவணையை 1960-களில் யூஜீன் கார்ஃபீல்டு என்ற அமெரிக்கர் உருவாக்கினார். 2005-இல் ஹோர்ஹே ஹிர்ஷ் என்ற இயற்பியலர் மேலும் ஒருபடி சென்று, ஓர் ஆய்வாளரின் தகுதியை ஒற்றை எண்ணில் அடக்கும் கணக்கையும் தந்தார். ஒருவருடைய கட்டுரைகளுள் 40 கட்டுரைகள், ஒவ்வொன்றும் 40 முறைக்குக் குறையாமல் மேற்கோள் காட்டப்பட்டிருந்தால் அவருடைய எண் 40. இன்று பல நாடுகளில் ஆய்வாளரின் வேலையும் பதவி உயர்வும் நிதியுதவியும் இந்த எண்களைச் சார்ந்தே அமைகின்றன.

எண்களை வெறுக்க வேண்டியதில்லை. ஆனால் சன்ஜாரின் எழுத்துகளைக் கொண்டே அந்த எண்கள் எங்கே தடுமாறுகின்றன என்று பார்க்கலாம். அவர் எழுதிய கட்டுரைகள் நானூறுக்கும் மேற்பட்டவை. அவற்றுள் மிகுதியாக எடுத்தாளப்பட்டவற்றுள் ஒன்று, டி.என்.ஏ. பழுதுபார்த்தல் பற்றி அவரும் மூவரும் சேர்ந்து 2004-இல் எழுதிய கட்டுரை. ஆயிரக்கணக்கான ஆய்வாளர்கள் அதைக் குறிப்பிட்டுள்ளனர். அதுவோ புதிய கண்டுபிடிப்பன்று. அதுவரை அறியப்பட்டவற்றையெல்லாம் ஒழுங்குபடுத்தித் தந்த தொகுப்புக் கட்டுரை. பயன்மிக்க உழைப்புதான், எனினும் நோபல் பரிசைப் பெற்றுத் தந்தது அதுவன்று. மாக்ஸி செல் முறையோ ஒரு காலத்தில் எங்கும் பேசப்பட்டது. புதிய முறைகள் வந்தபின் அதை எடுத்தாள்வார் அருகினர். ஏணியில் ஏறி மாடியை அடைந்தவர் ஏணியைப் பற்றிப் பேசுவதில்லை அன்றோ!

இரு புறமும் வெட்டு

அவர் பெயரை நிலைநிறுத்தியது 1983-இல் 'செல்' என்னும் ஆய்விதழில் ரப்புடன் சேர்ந்து எழுதிய கட்டுரை. அதில் தலைப்பின் கீழ் இரண்டே பெயர்கள். சூரிய ஒளியிலுள்ள புற ஊதாக் கதிர் டி.என்.ஏ.வின் மீது படும்போது, அடுத்தடுத்துள்ள இரண்டு எழுத்துகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. ஒட்டிய இடத்தைச் சரியாகப் படிக்க முடியாமல் உயிரணு தவறிழைக்கிறது. தவறுகள் சேர்ந்தால் அது புற்றுநோயின் வித்தாகிவிடும். இந்தப் பழுதை உயிரணு வெட்டி எறிகிறது என்பதை 1964-இலேயே ஃபிலிப் ஹானவால்ட், ரிச்சர்டு செட்லோ முதலியோர் தனித்தனியே கண்டிருந்தனர். ஆனால் வெட்டுவது எது, எப்படி வெட்டுகிறது என்பது தெரியாதிருந்தது.

தாமே வகுத்த மாக்ஸி செல் முறையைக் கொண்டு அந்தப் புரதங்களை இனங்கண்டு, சோதனைக் குழாயில் தூய்மையாகச் சேர்த்து, நடப்பதைக் காட்டினார் சன்ஜார். பழுதுற்ற இழையை ஒரு புறம் மட்டும் வெட்டுவதாகப் பலர் எண்ணியிருக்க, அது இருபுறமும் வெட்டுகிறது என்று நிறுவினார். பாக்டீரியாவில் 12 அல்லது 13 எழுத்து நீளமுள்ள துண்டு வெளியேறுகிறது. கறைபட்ட துணியின் அப்பகுதியைச் சுற்றிக் கத்தரித்து எடுத்துவிட்டு, எதிர்ப்புறத் துணியின் அச்சைப் பார்த்து அதே அளவுக்குப் புதுத்துணி வைத்துத் தைப்பது போன்றது இது. எதிர் இழை அப்படியே இருப்பதால் விடுபட்ட எழுத்துகளைப் பிழையின்றி நிரப்பிவிட முடிகிறது.

அதற்கு முந்தைய ஆண்டே, 1982-இல், வட கரோலினா பல்கலைக்கழகத்தில் அவருக்குப் பேராசிரியர் பணி கிடைத்திருந்தது. டாலஸில் உடன் பயின்ற க்வென் போல்ஸ் என்ற பெண்மணியை 1978-இல் மணந்திருந்தார். அவரும் உயிர்வேதியியல் ஆய்வாளரே. ஃபோட்டோலையேஸ் பற்றிய கட்டுரைகளில் கணவர் பெயரோடு மனைவி பெயரும் காணப்படுகிறது. உலகம் ஒருவரைத்தான் மேடையேற்றியது. கட்டுரைகளைப் புரட்டிப் பார்த்தால்தான் மற்றவரின் உழைப்பும் தெரிய வருகிறது.

மனிதரில் இவ்வேலை எப்படி நடக்கிறது என்பதை அவிழ்க்க மேலும் பல ஆண்டுகள் பிடித்தன. 1992-இல் அவருடைய குழு மனித உயிரணுவிலும் இருபுற வெட்டு நிகழ்வதைக் காட்டியது. ஆனால் வெளியேறும் துண்டு ஏறத்தாழ இரண்டு மடங்கு நீளமுடையது. வேலை செய்யும் புரதங்களும் பற்பல. செரோடெர்மா பிக்மென்டோசம் என்றொரு கொடிய பரம்பரை நோய் உண்டு. அதற்கு ஆளான குழந்தைகள் வெயிலில் தலைகாட்ட இயலாது. பால்யத்திலேயே தோற்புற்று வந்துவிடும். அவர்களின் உயிரணுக்களுக்குப் பழுது பார்க்கும் ஆற்றல் இல்லை என்று 1968-இல் ஜேம்ஸ் கிளீவர் கண்டறிந்தார். அக்குழந்தைகளிடம் குறைபட்டிருப்பது எந்தக் கத்தரிக்கோல், எந்த ஊசி என்பதைத் தெளிவாக அறிய முடிந்தது, பின்னாளில் சன்ஜார் உள்ளிட்டோர் அப்புரதங்களை ஒவ்வொன்றாக அடுக்கிக் காட்டியதால்தான். 1994-இல் 'சயன்ஸ்' ஆய்விதழ் ஆண்டின் சிறந்த மூலக்கூறாக டி.என்.ஏ. பழுதுபார்க்கும் நொதிகளைத் தேர்ந்தெடுத்தது.

செல்வாக்கு என்பது ஒருவரிடமிருந்து மற்றவருக்கு மட்டும் பாய்வதில்லை. எவெலின் விட்கின் என்ற பெண் விஞ்ஞானி 1960-களில் விசித்திரமான பாக்டீரியா வகையொன்றைப் பற்றி எழுதியிருந்தார். அதன் விளக்கம் நெடுங்காலம் புலப்படவில்லை. 1980-களில் ஹானவால்ட் குழுவினர், உயிரணு தான் அப்போது படித்துக்கொண்டிருக்கும் மரபணுக்களையே முதலில் பழுது பார்க்கிறது என்று கண்டனர். ஓடிக்கொண்டிருக்கும் வண்டிக்குத்தானே அவசரமாகச் சக்கரம் மாற்ற வேண்டும்! அந்த முன்னுரிமையைத் தரும் புரதத்தைத் தேடிய சன்ஜார் குழுவினர், விட்கினின் பழைய பாக்டீரியாவில் இல்லாதது அப்புரதமே என்று கண்டுபிடித்தனர். 1991-இல் வெளிவந்த அக்கட்டுரையில் சன்ஜாரின் பெயருக்கு முன்னால் விட்கினின் பெயரும் ஆசிரியராக இடம்பெற்றது. கால் நூற்றாண்டு உறங்கிக் கிடந்த ஓர் எழுத்து அன்று விழித்துக்கொண்டது. அதுவரை அதன் மதிப்பை எந்த அட்டவணை சொல்லியிருக்கும்?

ஹானவால்ட்டுக்கு நோபல் கிடைக்கவில்லை. ஒரு பரிசை மூவருக்கு மேல் பகிர்வதில்லை என்பது அங்குள்ள விதி. துறைக்கு அடிகோலியவர் ஒதுங்கி நிற்க, பின்வந்தவர் மேடையேறுவது ஆய்வுலகில் அடிக்கடி நேர்வதுதான். இருந்தாலும் இதைப் படிக்கையில் மனம் சற்று உறுத்தத்தான் செய்கிறது.

எண்ணிக்கை மோகம்

புற்றுநோய் ஆய்வில் எண்ணிக்கை மோகம் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்பதற்கு ஒரு சான்று. பெரிதும் பேசப்பட்ட புற்றுநோய் ஆய்வுக் கட்டுரைகள் 53-ஐ எடுத்துக்கொண்டு, அவற்றிலுள்ள 193 சோதனைகளைத் திரும்பச் செய்து பார்க்க அமெரிக்காவில் ஒரு குழு 2013-இல் முனைந்தது. முடிவுகள் 2021-இல் வெளிவந்தன. பல கட்டுரைகளில் செய்முறை விவரம் போதாமையாலும், மூல ஆசிரியர்கள் சிலர் ஒத்துழைக்காமையாலும், 23 கட்டுரைகளைச் சேர்ந்த 50 சோதனைகளை மட்டுமே செய்து முடிக்க இயன்றது. அப்படிச் செய்தவற்றிலும் விளைவுகள் பெரும்பாலும் முன்பு சொல்லப்பட்டதைவிட மிகச் சிறியவையாக இருந்தன. எல்லாம் பொய் என்று இதற்குப் பொருளன்று. ஆனால் மருந்துக்காகக் காத்திருக்கும் நோயாளிக்கு இது விளையாட்டில்லை. மேற்கோள் மிகுந்த ஒரு கட்டுரையை நம்பி மருந்துச் சோதனை தொடங்கி, அஸ்திவாரம் ஆட்டங்கண்டால் வீணாவது பணம் மட்டுமா?

சன்ஜாரின் 1983-ஆம் ஆண்டுக் கட்டுரை ஆட்டங்காணாமல் நிற்கிறது. அதன் மேல் மற்றவர்கள் கட்டிய மாடிகளே அதற்குச் சாட்சி. தாம் கண்டது பிறர் கருத்துக்கு மாறாக இருந்தபோதும் அவர் தயங்கவில்லை. மனிதரிலும் ஃபோட்டோலையேஸ் உண்டு என்று சிலர் எழுதியிருக்க, தமக்கு மிகவும் பிரியமான அந்த நொதி மனிதரில் இல்லை என்று 1993-இல் அவருடைய குழுவே எழுதியது. பிறகு அதையொத்த இரண்டு மரபணுக்கள் மனிதரில் காணப்பட்டபோது, அவை பழுது பார்ப்பவை அல்ல என்று சோதித்துச் சொன்னார். அப்படியானால் அவற்றுக்கு என்னதான் வேலை? விமானப் பயணத்தில் உடற்கடிகாரத்தைப் பற்றிய கட்டுரை ஒன்றைப் படிக்க நேர்ந்தது அவருக்கு வழிகாட்டியாயிற்று. கிரிப்டோகுரோம் எனப்படும் அப்புரதங்கள் உடலின் இரவு பகல் கடிகாரத்தின் உறுப்புகள் என்பது 1990-களின் இறுதியில் உறுதியாயிற்று.

இவ்விரண்டு பாதைகளும் பின்னர் ஒன்றாகக் கலந்தன. பழுது பார்க்கும் வேகமே நாளின் பொழுதுக்கேற்ப மாறுகிறது என்று அவருடைய குழு எலிகளில் கண்டது. விடியற்காலை 4 மணிக்குப் புற ஊதாக் கதிர் பட்ட எலிகளுக்கு, மாலை 4 மணிக்குப் பட்ட எலிகளைவிட மிகுதியாகத் தோற்புற்று வந்ததாக 2011-இல் எழுதினர். எலி இரவில் நடமாடும் பிராணி என்பதால் இதை அப்படியே மனிதருக்குப் பொருத்திவிடலாகாது.

நம் வீடுகளுக்கு இவற்றால் என்ன என்று கேட்கலாம். புற்றுநோய்க்கு ஆளான உறவினருக்குச் சிஸ்பிளாட்டின் என்னும் மருந்தை ஏற்றும்போது மருத்துவமனையில் காத்திருந்தவர்கள் நம்மில் பலர் உண்டு. அமெரிக்காவில் 1978-இல் அனுமதி பெற்ற அம்மருந்து, புற்றணுவின் டி.என்.ஏ.வைப் பழுதாக்கித்தான் அதைக் கொல்கிறது. ஆனால் அந்தப் பழுதையும் அதே கத்தரிக்கோல் வெட்டி நீக்கிவிடுகிறது! நலமாக இருப்பவரைக் காக்கும் கருவி, நோயுற்றவரிடம் புற்றணுவுக்கே கேடயமாகவும் மாறுகிறது. அதே போல, சிகரெட் புகையிலுள்ள பென்சோபைரீன் என்னும் நஞ்சு நுரையீரல் உயிரணுவின் டி.என்.ஏ.வில் ஒட்டிக்கொள்ளும்போதும் இந்தக் கத்தரிக்கோல்தான் ஓடி வருகிறது. எத்தனை நாள் ஓடிவரும்? ஒரு பாக்கெட் முடிந்து மறு பாக்கெட்டைப் பிரிக்கும் நம் வீட்டு ஆண்களிடம் பெண்கள் இதைக் கேட்டால் தவறில்லை.

எழுபது வயதை நெருங்கிய பருவத்தில் அவர் செய்த வேலை ஒன்று என்னை மிகவும் கவர்ந்தது. வெட்டி எறியப்பட்ட அந்தச் சிறு துண்டுகளை எல்லாரும் குப்பை என்று விட்டுவிட்டனர். அவருடைய குழு அவற்றைச் சேகரித்து, ஒவ்வொன்றும் டி.என்.ஏ.வின் எந்த இடத்திலிருந்து விழுந்தது என்று படித்து, மனிதனின் முழு மரபுத் தொகுதியிலும் எங்கெங்கே பழுது பார்க்கப்படுகிறது என்னும் வரைபடத்தைத் தயாரித்தது. அக்கட்டுரை 2015-இல், நோபல் அறிவிப்புக்குச் சில மாதங்களுக்கு முன் வெளிவந்தது. சிஸ்பிளாட்டினுக்கும் சிகரெட் நஞ்சுக்கும் அதே வகையில் வரைபடங்கள் பின்னர் வந்தன.

பதக்கத்தை அவர் தம்மிடம் வைத்துக்கொள்ளவில்லை. 2016 மே 19 அன்று அங்காரா நகரில் அதாத்துர்க் நினைவில்லத்தில் ஒப்படைத்துவிட்டார். நோபலுக்குப் பிறகும் அவர் ஆய்வுக்கூடத்தை விட்டு விலகவில்லை. உயிரணு பெருகுவதைக் காண ஆய்வாளர்கள் நெடுநாளாகக் கையாண்டு வந்த ஈ.டி.யூ. என்னும் பொருளை, மனித உயிரணு பழுதாகக் கருதி வெட்டி எடுக்கிறது என்று அவருடைய குழு 2022-இல் எழுதியது. வெட்டிய இடத்தை நிரப்பும்போது அதே பொருள் மீண்டும் அங்கே புகுந்துவிட, உயிரணு மறுபடியும் வெட்டி, மறுபடியும் நிரப்பி, ஓயாது உழன்று இறுதியில் மடிகிறது. மூளையில் உண்டாகும் புற்றுக்கட்டிக்கு எதிராக இதைப் பயன்படுத்தக்கூடுமா என்பது இப்போது அவர்கள் முன்னுள்ள கேள்வி. மனிதருக்கு மருந்தாவதற்கு முன் அது கடக்க வேண்டிய சோதனைகள் இன்னும் பல உள்ளன.